மரத்தில் ஏறும் தோழர் மாலையில் வீடு திரும்ப வேண்டும்



என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தரம் 11. கணக்கில் கெட்டிக்காரன். சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அவனுடைய கதிரை வெறுமையானது. ஒரு வாரம் பார்த்துவிட்டு லயத்துக்குப் போனேன். வாசலில் அவனுடைய அப்பா இருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை போர்த்தியிருந்தது. "டீச்சர் வந்திருக்காங்க, எந்திரிக்க முடியல, மன்னிச்சிக்கங்க" என்றார். பையன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

அப்பா நிழல் மரம் வெட்டுகிறவர். இருபது வருடப் பழக்கம். சவுக்கு மரத்தில் ஏறி மேல்கிளையை வெட்டிக்கொண்டிருந்தபோது, காலை ஊன்றியிருந்த கிளை அடியோடு முறிந்தது. இடுப்பில் கட்டியிருந்த கயிறும் அதே கிளையில்தான் கட்டப்பட்டிருந்தது. கயிறு அறவில்லை. கிளையும் கயிறும் ஆளும் ஒன்றாகத்தான் கீழே வந்தார்கள். அன்றைக்கு அவருடைய பேர் செக்ரோலிலும் இல்லை. மரவெட்டைக் கொந்தராத்துக்குக் கொடுத்திருந்தார்கள்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற எந்தத் தோட்டத்திலும் இப்படி ஒருவரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். எனவே இந்த மாதத் தலையங்கத்தை மரம் ஏறும் தோழர்களுக்கு ஒதுக்குகிறோம்.

நிழல் மரம் எதற்கு, வெட்டு எதற்கு

தேயிலைக்கு நிழல் வேண்டும். உயரத்தில் நிழல் தர சவுக்கு என்று நாம் சொல்லும் கிரவில்லியாவும், கீழே முள்முருங்கையும் கிளிரிசிடியாவும், தாழ்ந்த மலைகளில் அல்பீசியாவும் நிற்கின்றன. மழைக்காலத்தில் நிழல் கூடினால் செடியில் ஈரம் காயாது. ஈரம் காயாத இடத்தில் கொப்புள நோய் வரும். 1946ஆம் ஆண்டு இந்த நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்ததிலிருந்து, மழைக்கு முன் நிழலைக் குறைப்பது தோட்ட வேலையில் தவிர்க்க முடியாத பங்காகிவிட்டது. கொழுந்து நன்றாக வருவதற்கு ஒருவர் மரத்தின் உச்சியில் நிற்க வேண்டியிருக்கிறது. பறிக்கிற கை எல்லோருக்கும் தெரியும். மேலே நிற்கிற கால் யாருக்கும் தெரிவதில்லை.

இவை தவிர ரோட்டோரத்தில், லயத்தின் பின்னால், பாடசாலைக் கூரைக்கு மேல், கோயில் பக்கத்தில், மின்கம்பி அருகில் நிற்கும் பெரிய மரங்களும் இருக்கின்றன. சவுக்கின் கிளை காற்றில் சட்டென்று முறியும். அல்பீசியா வேகமாக வளரும், அதன் மரம் மென்மையானது, உள்ளே உளுத்துப்போனாலும் வெளியே பச்சையாகவே இருக்கும். காற்று வீசும் மாதங்களில் இந்த மரங்களுக்குக் கீழே நாம் தூங்குகிறோம், பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம். ஆகவே மரம் வெட்டப்பட வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. எப்படி வெட்டப்படுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரே வாரத்தில் கண்ட இரண்டு காட்சிகள்

அந்த விபத்துக்குச் சில நாட்களுக்கு முன் சந்தியில் மின்கம்பிமேல் சாய்ந்த கிளைகளை வெட்ட ஒரு லொறி வந்திருந்தது. தெருவிளக்கு மாற்றக் கொண்டுவருவார்களே, கைபோல மடிந்து நீண்டு மேலே போகும் இரும்புத் தண்டும் அதன் நுனியில் ஆள் நிற்கும் கூடையும் உள்ள லொறி, அதுதான். தலைக்கவசம் போட்டு, உடம்பில் பட்டி கட்டி, பட்டியின் வாரைத் தண்டில் மாட்டி, கூடைக்குள் நின்றபடி ஒருவர் கிளைகளை வெட்டினார். கீழே ஒருவர் லொறியின் விசைகளருகே நின்றார். இன்னொருவர் ரோட்டில் வாகனங்களை மறித்தார். மதிய இடைவேளைக்குள் வேலை முடிந்தது. என் மாணவர்கள் வேலியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அதே வாரம் சந்திக்கு மேலே உள்ள மலையில், செருப்பில்லாத கால், இடுப்பில் கத்தி, தோளில் தும்புக் கயிறு. கீழே ஆளில்லை. அதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. அது நமக்குப் பழகிவிட்டது. இந்தப் பழக்கம்தான் ஆபத்தானது.

மறுநாள் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டேன். 50 அடி உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் நிலத்துக்கு வர எவ்வளவு நேரம்? ஒன்றே முக்கால் செக்கன். நிலத்தில் மோதும்போது என்ன வேகம்? மணிக்கு ஏறக்குறைய 62 கிலோமீற்றர். ஒரு பஸ் நேராக வந்து மோதுகிற வேகம் அது. 'அம்மா' என்று ஒரு தரம் கூப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இருபது வருடப் பழக்கத்தால் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

கூடை லொறி எங்கே உதவும், எங்கே உதவாது

கூடை லொறி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அது எங்கே உதவும் என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டால்தான் துரைமாரோடு பேச முடியும்.

முதலாவதாக, ஏறவே கூடாத மரங்கள் உண்டு. பட்ட மரம், அடி உளுத்த மரம், இடி விழுந்த மரம், வேர் கிளம்பிய மரம் எதுவும் ஏறுபவரின் பாரத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது. கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைக் கட்டுவதும் அந்த மரத்தில்தான். கூடையில் நிற்பவரின் பாரமோ மரத்தின் மேல் இல்லை, லொறியின் மேல் இருக்கிறது. இத்தகைய மரம் ரோட்டுக்கு எட்டும் இடத்தில் நின்றால் கூடையிலிருந்துதான் வெட்ட வேண்டும். எட்டாத இடத்தில் நின்றால், யாரும் ஏறாமல் கீழிருந்தே கயிறு போட்டு இழுத்துச் சாய்க்கும் வழியைத் தேட வேண்டும்.

இரண்டாவதாக, ரோட்டோரத்தில் வரிசையாக நிற்கும் மரங்கள். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்குவதால் வரும் களைப்பு கூடையில் இல்லை. களைத்த கைதான் வழுக்கும்.

ஆனால் நமது தேயிலை மலைகளுக்குள் அந்த லொறி வராது. அது நிற்பதற்குச் சமமான, இறுக்கமான நிலம் வேண்டும். பக்கவாட்டில் நான்கு கால்களை நீட்டி ஊன்ற வேண்டும். மழையில் ஊறிய ரோட்டோர மண்ணில் ஒரு கால் புதைந்தாலே லொறி கூடையோடு சரிந்துவிடும். சங்கிலிச் சக்கரத்தில் நகர்ந்து, சிலந்திபோல் காலூன்றி மேடுபள்ளத்திலும் நிற்கக்கூடிய சிறிய இயந்திரங்கள் வெளிநாடுகளில் பாவனையில் உள்ளன. அவற்றுக்கும் சரிவில் எல்லை உண்டு. நமது மலைச்சரிவில் வாங்கியும் கானும் தாண்டி அவை போகும் இடம் குறைவு. இன்னொன்று, கூடை மரத்தின் வெளிப்பக்கத்தை எட்டும். அடர்ந்த கிளைகளுக்கு நடுவே நுழைய ஏறத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

ஆகவே கூடையும் வேண்டும், கயிறும் வேண்டும். எந்த மரத்துக்கு எது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். பிரித்தானியாவில் உயரத்தில் வேலை செய்வது பற்றி 2005ஆம் ஆண்டு கொண்டுவந்த ஒழுங்குவிதிகள் இந்த வரிசையைத்தான் வைக்கின்றன. உயரத்துக்குப் போகாமல் செய்ய முடியுமானால் போகாதே. போகத்தான் வேண்டுமானால் விழாமல் தடுக்கும் கருவியைப் பயன்படுத்து. அதுவும் முடியாவிட்டால் விழும் தூரத்தையும் அடியையும் குறைக்க வழி செய். நமது கொழுந்தை வாங்கிக் குடிக்கும் நாட்டில் மரம் ஏறுபவருக்கு உள்ள இந்த வரிசை, அந்தக் கொழுந்துக்கு நிழல் திருத்துபவருக்கு ஏன் இருக்கக் கூடாது?

"வேலை போயிடாதா, டீச்சர்?"

தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் இதைப் பேசியபோது ஒரு மூத்த தோழர் எழுந்தார். "டீச்சர், மருந்தடிக்க வந்த பொறகு புல்லு வெட்டுறதுக்கு ஆளு கொறஞ்சிச்சு. கத்திரி வந்து கொழுந்துக்கும் ஆளு கொறையுது. இப்ப இந்த லொறிய நாமளே கூப்பிட்டா எங்க பேரு போயிடாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழித்துவிட்டு எந்தக் கோரிக்கையையும் முன்வைக்க முடியாது. எந்த இயந்திரமும் வரும்போது, அதை யார் இயக்குவது, அதனால் வரும் இலாபத்தில் யாருக்குப் பங்கு என்பதைத் தொழிலாளி கேட்காவிட்டால், வேறொருவர் தீர்மானித்துவிடுவார்.

நமது பதில் இதுதான். மலைக்குள் நிற்கும் மரங்களுக்கு ஏறுபவர்கள் எப்போதும் வேண்டும். ரோட்டோர மரங்களுக்குக் கூடை வரும்போது அதில் நிற்கப்போவது யார்? கிளை எந்தப் பக்கம் விழும், எந்த இடத்தில் முதலில் அடிவெட்டுப் போட்டால் பட்டை கிழியாது, எந்தக் கிளையைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்க வேண்டும் என்பதெல்லாம் லொறி ஓட்டுபவருக்குத் தெரியாது. நமது தோழருக்குத்தான் தெரியும். எனவே கூடையில் ஏறும் பயிற்சி நமது தோழர்களுக்குக் கொடுக்கப்பட வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஏற்ற கூடுதல் கொடுப்பனவும் வேண்டும். லொறி வருவதைச் சொல்லி யாருடைய பேரும் வெட்டப்படக் கூடாது. இந்த மூன்றும் எழுத்தில் வராமல் லொறி வரட்டும் என்று சங்கம் சொல்லாது.

செலவு என்கிறார்கள்

நிர்வாகம் செலவைச் சொல்லும். ஒவ்வொரு தோட்டமும் ஒரு லொறி வாங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து ஒரே கம்பனியின் கீழ் பல தோட்டங்கள் இருக்கின்றன. ரோட்டோரத்திலும் குடியிருப்புகளுக்கு அருகிலும் உள்ள ஆபத்தான மரங்களைத் தோட்டந்தோட்டமாகப் பட்டியல் போட்டு, மழைக்கு முன் ஒரு சில வாரங்களுக்கு ஒரு லொறியை வாடகைக்கு எடுத்து, முறைவைத்து அனுப்பலாம். தொழிற்சாலைக்குப் புதிய இயந்திரம் வாங்கும்போது இந்தச் செலவுக் கணக்கு இவ்வளவு சத்தமாகக் கேட்பதில்லை.

கூடையிலும் ஆபத்து உண்டு

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடையில் நின்றால் விழமாட்டோம் என்பது தவறு. வெட்டிய கிளை தண்டில் மோதினால், அல்லது லொறி குலுங்கினால், நிற்பவர் கவணிலிருந்து கல் போவதுபோல் வெளியே எறியப்படுவார். அதனால் முழு உடல் பட்டி கட்டி, அதன் வாரைக் கூடைக்கென்று கொடுத்திருக்கும் கொளுவியில் மாட்ட வேண்டும். மரத்தில் மாட்டவே கூடாது. மரம் ஒரு பக்கமும் கூடை ஒரு பக்கமும் போனால் நடுவில் இருப்பவரின் கதி என்ன? கூடையின் கம்பிமேல் ஏறி நின்று எட்டக் கூடாது. மேலே இருப்பவர் மயங்கினால் கூடையைக் கீழிருந்து இறக்கத் தெரிந்த ஒருவர் லொறியருகில் இருந்தே ஆக வேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் வேலையென்றால், மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்து மின்சாரத்தைத் துண்டித்த பின்பே தொடங்க வேண்டும். கம்பியில் தொடாவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஈரக் கிளை தொட்டாலும் போதும், உயிர் போய்விடும்.

ஏறத்தான் வேண்டுமென்றால்

மலைக்குள் ஏறும் தோழருக்கு இன்று கொடுக்கப்படுவது கத்தியும் ஒரு கயிறும். கொடுக்கப்பட வேண்டியவை வேறு. ஹார்னஸ் என்று சொல்லும் உடல் பட்டி, மரமேறுவதற்கென்று செய்த கயிறு, தலைக்கவசம், பிடிப்புள்ள சப்பாத்து, கண்ணாடி. வாளோ கத்தியோ பிடித்து வெட்டும் நேரத்தில் இரண்டு இடங்களில் கட்டியிருக்க வேண்டும். ஒன்று தவறுதலாக வெட்டுப்பட்டாலும் மற்றது தாங்கும். இரண்டையும் ஒரே கிளையில் கட்டினால் அது ஒரு கட்டுத்தான். என் மாணவனின் அப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். வெட்டப்போகும் கிளைக்கு மேலே, தண்டோடு சேர்ந்த உறுதியான கவரில் கட்ட வேண்டும்.

தனியாக ஒருவரை ஏற்றக் கூடாது. பட்டியில் தொங்கியபடி மயங்கிய ஆளைச் சில நிமிடங்களுக்குள் இறக்காவிட்டால், விழாமலே உயிர் போகலாம். ஆகவே ஏறி இறக்கத் தெரிந்த இரண்டாவது ஆள் கீழே கருவிகளோடு நிற்க வேண்டும். பெரட்டில் மரவெட்டுக்குப் பேர் போடும்போது இரண்டு பேராகப் போட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இயந்திரத்துக்கு வேலி போடச் சொல்கிறது. மலையில் மரமேறுபவருக்கு அந்தச் சட்டம் எட்டுவதில்லை. இது நிரப்பப்பட வேண்டிய பெரிய ஓட்டை. 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பாதுகாப்பான ஆரோக்கியமான வேலைச் சூழலை வேலைத்தலத்தின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. உறுப்பு நாடு என்ற வகையில் இலங்கைக்கும் அந்தக் கடமை உண்டு. தேயிலை மலையும் வேலைத்தலம்தான்.

விபத்து நடந்துவிட்டால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது வேலையின் காரணமாக நேர்ந்த காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு கேட்கலாம். கொந்தராத்துக்காரர் மூலம் செய்த வேலையானாலும், அது தோட்டத்தின் வழக்கமான வேலையாக இருந்தால், 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று தோட்டம் கையை விரித்துவிட முடியாது. செக்ரோலில் பேரில்லை என்று சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். உடனே எழுத்தில் அறிவியுங்கள், வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், கண்டவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

நமது பக்கத்துக் குறைகள்

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லி முடிப்பது நேர்மையல்ல. குளிருக்கு என்று கொஞ்சம் போட்டுக்கொண்டு மரமேறும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விழுந்தால் உயிர் போவது ஒரு பக்கம், போதையில் நேர்ந்த காயம் என்று காட்டி நட்டஈட்டை மறுக்க அது வழிவிடுகிறது. தலைக்கவசம் போட்டவரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமும் இருக்கிறது. பயந்தவன் என்கிறோம். வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளை நினைப்பவனைப் பயந்தவன் என்று சொல்லும் நாக்கை நாம்தான் அடக்க வேண்டும்.

சங்கமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1,000 ரூபாவுக்கும் 1,700 ரூபாவுக்கும் எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை நாள் ரோட்டில் நின்றோம். அது தேவையான போராட்டம், இன்னும் தொடரும். ஆனால் எந்தப் பேச்சுவார்த்தையின் நிகழ்ச்சிநிரலிலும் 'மரவெட்டுப் பாதுகாப்பு' என்று ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை. சம்பளத்தை வாங்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதை நாம் மறந்துதான் போனோம்.

நமது கோரிக்கைகள்

1. எந்த மரத்திலும் ஏறுமுன், மரமேறும் அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரும் வெளிக்கள உத்தியோகத்தரும் சேர்ந்து பார்த்து, கூடையா கயிறா என்று எழுதிவைக்க வேண்டும். பட்ட மரத்தில் யாரையும் ஏற்றக் கூடாது.

2. ரோடு, லயம், பாடசாலை, பிள்ளை மடுவம், மின்கம்பி அருகில் உள்ள ஆபத்தான மரங்களுக்கு மழைக்கு முன் கூடை லொறி வரவழைக்கப்பட வேண்டும்.

3. ஏறும் கருவிகள் தோட்டத்தால் இலவசமாக வழங்கப்பட வேண்டும். பழுதான கயிறும் பட்டியும் உடனே மாற்றப்பட வேண்டும்.

4. ஏறுவதற்கும் கூடைக்கும் மீட்புக்கும் முறையான பயிற்சி, பயிற்சி நாளுக்குப் பேர், பயிற்சி பெற்றவருக்குக் கூடுதல் கொடுப்பனவு.

5. மழை, பலத்த காற்று, மூடுபனி வந்தால் வேலை நிறுத்தப்பட வேண்டும். அன்றைய பேர் வெட்டப்படக் கூடாது.

6. கொந்தராத்து மரவெட்டிலும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாக வேண்டும். இதே பாதுகாப்பு அவர்களுக்கும் வேண்டும்.

7. ஆபத்தான மரத்தில் ஏற மறுக்கும் தொழிலாளிக்கு எந்தத் தண்டனையும் இருக்கக் கூடாது.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் ஒரு வேலை. இந்த மாதத்துக்குள் உங்கள் தோட்டத்தில் மரமேறும் தோழர்களோடு ஒரு நாள் நடந்து வாருங்கள். ஒவ்வொரு ஆபத்தான மரத்தையும், அது நிற்கும் மலை நம்பரையும், லொறி எட்டுமா எட்டாதா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதச் சிரமமென்றால் பக்கத்துப் பாடசாலையில் ஒரு ஆசிரியரைக் கேளுங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம். அந்தக் கொப்பியோடு அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போவோம். வாயால் சொன்ன குறை காற்றோடு போய்விடும், எழுதிய பட்டியலுக்கு நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பையனிடம் போன வாரம் தொலைபேசியில் பேசினேன். அடுத்த வருடம் வெளியே இருந்து பரீட்சை எழுதலாமா என்று கேட்டான். எழுதலாம் என்றேன். புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன். அவனுடைய நட்டஈட்டு விண்ணப்பத்தைச் சங்கம் எடுத்திருக்கிறது. நடந்ததை நம்மால் திருப்ப முடியாது. ஆனால் அடுத்த மழைக்கு முன் மலையேறப்போகும் தோழர் ஒவ்வொருவரும் அன்று மாலை தன் காலால் நடந்து லயத்துக்கு வந்து சேரும்படி செய்ய நம்மால் முடியும்.